பச்சைப் பலகையும் அம்சவேணி அம்மாவும்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிற எனக்கு லீவு என்றால் பின்சீட்டுத்தான். வேறு யாராவது ஓட்ட வேண்டும், நான் சாய்ந்திருந்து வெளியே பார்க்க வேண்டும். அதனால் என் மகன் தர்சன் வீடியோவில் வந்து, "அம்மா, எயார்போட்டில ஒரு கார் நிக்கும், நீங்களே ஓடிக்கொண்டு வாங்கோ" என்றபோது எனக்குச் சரியான கோபம் வந்தது.

தர்சன் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். துரொண்ட்ஹெய்மில் சுரங்கப் படிப்புப் படித்தான். வடக்கே ஏதாவது ஒரு நோர்வேச் சுரங்கத்தில் வேலை எடுப்பான், தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வருவான் என்று நானும் கணவரும் நினைத்திருந்தோம். அவனோ அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வின்னமக்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். போன இடத்தில் கயல்விழி என்ற திருப்பூர்ப் பெண்ணைக் கண்டுபிடித்தான். அவள் அதே சுரங்கத்தில் பாறைகளை ஆராய்கிறவள்.

"காரில நீங்கள் மட்டும் இல்லை அம்மா" என்று இழுத்தான். "கயலின்ர அம்மாவும் அண்டைக்குத்தான் வந்து இறங்கிறா. எங்கள் ரெண்டு பேருக்கும் ஷிப்ட். அவவையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. அவ என்னைப் பாக்கத்தான் வாறா. அவ ஓம் எண்டு சொன்னால்தான் கயலின்ர அப்பாவும் ஓம் எண்டு சொல்லுவார்."

"அப்ப நான் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். கனக்கக் கதைக்காட்டிச் சரி."

என் கணவர் முதியோர் இல்லத்தில் சமையல்காரர். கோடையில் மற்ற எல்லாரும் லீவில் போக, அவர்தான் அங்கே நிற்க வேண்டியவர். ஆகவே நான் தனியே, ஒரு பெட்டியில் மிளகாய்த்தூளும் பழுப்புச் சீஸும் அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

சோல்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் அம்சவேணி அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காஞ்சிப் பருத்திச் சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காலில் வெள்ளை ஓட்டச் சப்பாத்து. நான் கை கொடுக்க நீட்டினேன். அவர் கும்பிட்டார். நான் கையை மடக்கிக் கும்பிட, அவர் அதற்குள் கையை நீட்டினார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"ஆறுதலா வாங்கோ, அவசரம் இல்லை" என்றேன் நான், அவருடைய பெட்டியைப் பிடித்தபடி.

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கு எதுக்குங்க ஆறுதல்? என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?"

எங்கள் ஆட்களுக்கு ஆறுதல் என்றால் மெதுவாக என்று விளக்கிச் சொல்ல, கார் நிறுத்தும் இடம் வந்துவிட்டது. பிறகு, புறப்படுவோமா என்ற அர்த்தத்தில் நான் "வெளிக்கிடுவமோ" என்று கேட்டதையும் அவர் வேறு எதுவாகவோ விளங்கிக்கொண்டு, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று எனக்குக் கை காட்டினார். தர்சன் சொன்னது சரிதான், கனக்கக் கதைக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டேன்.

பெருந்தெருவில் ஏறியதும் அவர் கத்தினார். "ராங் சைடு! ராங் சைடுங்க!"

"இஞ்சை வலப்பக்கம்தான். நோர்வேயிலயும் வலப்பக்கம்தான்."

"ஓ" என்றார். அடுத்த லொறி வரும்போது மறுபடியும் கத்தினார். மூன்று பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவிய லொறிகள் அங்கே ஓடுகின்றன. பார்த்தால் ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்தது போல இருக்கும். ஒவ்வொன்றும் தாண்டும்போது கார் ஆடும். அம்சவேணி அம்மா கண்ணை மூடி, கதவின் பிடியைப் பிடித்து, "முருகா, முருகா" என்று சொல்லத் தொடங்கினார். வெளியே உப்பு வெளி, வெள்ளை வெளேரென்று. ஓரிடத்தில் அது எனக்குப் பனி மாதிரியே தெரிந்து, கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது.

ஒஸ்லோவில் என் பஸ்ஸுக்கு மூச்சு விடுவதற்குள் ஒரு தரிப்பு வரும். யாராவது இறங்குவார்கள், யாராவது பிள்ளைத்தள்ளுவண்டியோடு ஏறுவார்கள். இங்கே எவரும் இல்லை. வளைவும் இல்லை. கொட்டாவி மேல் கொட்டாவி. பக்கத்தில் இருப்பவரோ முருகனைத் தவிர எவரோடும் கதைப்பதாக இல்லை.

அப்போதுதான் முதல் பச்சைப் பலகை கண்ணில் பட்டது. பெருந்தெருவின் இலக்கம் போட்ட கேடய வடிவப் பலகை நீலமும் சிவப்புமாக இருக்கும். இது அதே வடிவம், ஆனால் முழுப் பச்சை. அதில் பிசினஸ் லூப் என்று எழுதியிருந்தது.

"அது என்ன வீதி?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "பிசினஸ்னு போட்டிருக்குங்க. கம்பெனிக்காரங்களுக்கு இருக்கும். நம்மளை விட மாட்டாங்க."

ஆனால் எனக்கு நித்திரை வந்தது, அவருக்குத் தேநீர் வேண்டியிருந்தது. திருப்பினேன்.

அது வெல்ஸ் என்ற சின்ன ஊருக்குள் கொண்டுபோய் விட்டது. கம்பனிகள் ஒன்றும் இல்லை. நடு வீதி, இரண்டு பக்கமும் பழைய மோட்டல்கள், பாதி எழுத்து விழுந்த விளக்குப் பலகைகள், ஒரு பெட்ரோல் நிலையம், சைக்கிளில் போகிற பிள்ளைகள். வேகம் குறைந்ததும் அம்சவேணி அம்மா இரண்டாவது கண்ணையும் திறந்தார். கண்ணாடியை இறக்கினார். "அட, ஊரு!" என்றார், அமெரிக்காவில் ஊர்களே கிடையாது என்று யாரோ சொல்லியிருந்தது போல.

பெட்ரோல் நிலையத்தில் அவர் டீ கேட்டார். ஒரு வாளி அளவு குவளையில் ஐஸ் போட்ட தேநீர் வந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு கல்லாவில் இருந்த பெண்ணைப் பார்த்தார், ஐஸை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, சூடாக்கித் தரச் சொன்னார். அந்தப் பெண் இப்படி ஒரு வேண்டுகோளைக் கேட்டதே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். சூடாக்கியும் கொடுத்தாள்.

என் ஆங்கிலம் நோர்வே மொழிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நன்றி சொல்ல வாய் திறந்தால் "தக்" என்றுதான் வரும். அம்சவேணி அம்மா வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் பச்சைப் பலகையின் விஷயத்தை விசாரித்தார். முந்தி எல்லா வாகனமும் இந்த நடு வீதியால்தான் போனது என்று அந்தப் பெண் சொன்னாள். பெருந்தெரு வந்த பிறகு எல்லாரும் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம், ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத்தான் அந்தப் பலகை. நேரே போங்கள். இந்த வீதியே உங்களைத் திரும்பவும் பெருந்தெருவில் ஏற்றிவிடும். வழி தவற முடியாது."

எனக்கு இது புதிதே இல்லை. என் பஸ்ஸும் அப்படித்தான் ஓடுகிறது. பெரிய வீதியால் நேரே போனால் கெதியாகப் போகலாம். ஆனால் அது ஒவ்வொரு குடியிருப்புக்குள்ளும் நுழைந்து, கடையடியில் ஒரு ஆளை ஏற்றி, பள்ளிக்கூடத்தடியில் ஒரு ஆளை இறக்கி, பிறகு பெரிய வீதிக்கு வரும். அவசரக்காரர் நிலக்கீழ் ரயிலில் போவார்கள்.

"இனிப் பச்சைப் பலகை கண்டால் திருப்புவம்" என்றேன்.

"கண்டிப்பாங்க" என்றார் அவர்.

அதன் பிறகு எங்கள் பயணம் இப்படி நடந்தது: பெருந்தெருவில் அவர் கண்ணை மூடுவார், வாயையும் மூடுவார். ஊருக்குள் இறங்கினால் இரண்டும் திறக்கும். அதனால் எங்கள் கதையெல்லாம் நடு வீதிகளில்தான் நடந்தது. தர்சனின் நட்சத்திரம் என்ன, கயல் சின்ன வயதில் பாக்கெட்டில் கல் பொறுக்கி வைத்து வாஷிங் மெஷினை உடைத்தது, ஒஸ்லோவில் வாழைக்காய் கிடைக்குமா என்பது. எல்கோ என்ற ஊருக்குள் இறங்கியபோது சாயந்தரம். அங்கேதான் அவர் அதைக் கேட்டார்.

"நீங்க டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்டுனு கயல் சொன்னா. அதுல என்ன போஸ்ட்டுங்க?"

கயலுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"நான் பஸ் ஓடுறனான்" என்றேன்.

"பஸ் ஆபீஸ்லயா?"

"இல்லை, பஸ். ஸ்டியரிங் பிடிச்சு."

அவர் "ஓ, சரிங்க சரிங்க" என்றார். பிறகு ஊருக்குள் இருந்தும்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு ஒரு பழைய விடுதிக்குப் போனோம். ஸ்பெயினின் மலைப்பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர்களின் சமையலாம். நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து இருத்திவிடுகிறார்கள். ஒஸ்லோவில் பஸ்ஸில் ஒரு சீட் முழுவதும் காலியாக இருந்தால்தான் மனிதர்கள் உட்காருவார்கள், இல்லாவிட்டால் கடைசிவரை நின்றுகொண்டே வருவார்கள். இங்கே தொப்பி வைத்த பெரிய மனிதர் ஒருவர் என் தோளை இடித்துக்கொண்டு அவரைக்கொட்டைக் கறிச் சட்டியை நீட்டினார்.

"இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று அம்சவேணி அம்மா கேட்டார்.

"இல்லவே இல்லை, அம்மணி. பன்றி மட்டும்தான்" என்றார் அவர், முழு மனதோடு.

அம்சவேணி அம்மா ரொட்டியையும் வறுத்த உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பருப்புப்பொடி டப்பாவை எடுத்துத் தூவினார். தொப்பிக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கிழங்கை நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி நீட்டினார். டப்பா மேசை நெடுகப் போய், யார் யாரோ கையெல்லாம் பட்டு, காலியாகித் திரும்பி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அம்சவேணி அம்மா எழுந்து கும்பிட்டார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

காலையில் நான் மோட்டல் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் காருக்கு அந்தப் பக்கம் நின்று கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, பஸ்தான். ஓட்டறாங்க... இல்லீங்க, அதை அப்புறம் பேசிக்கலாம். கோயமுத்தூர்க்காரங்களை ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க."

கோயம்புத்தூர்க்காரர் யார் என்று கேட்கத் தேவையில்லை. இன்னொரு மாப்பிள்ளை வீடு. பனியில் வழுக்கும் ஏற்றத்திலும் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்குகிற வேலை என்னுடையது. அதைச் சொல்லும்போது நான் ஒரு நாளும் குரலைத் தாழ்த்தியதில்லை. என் பிள்ளை தாழ்த்தியிருக்கிறான், இவவும் தாழ்த்துகிறா. அன்று காலை நான் பச்சைப் பலகையைக் கண்டும் திருப்பவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்து, "ஊரு போகுதுங்களே" என்றார். "போகட்டும்" என்றேன். நேரே வின்னமக்காவுக்குப் போய் இவரை இறக்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

காற்று அதற்கு விடவில்லை. மதியத்துக்குக் கிட்ட வானம் மஞ்சளாகியது. முன்னால் புழுதி சுவர் மாதிரி எழும்பி நின்றது. லொறிகளின் பின்விளக்குகள் வரிசையாகச் சிவந்தன. வீதி மூடப்பட்டுவிட்டது, அடுத்த ஊருக்குள் இறங்கிக் காத்திருங்கள் என்று மின்பலகையில் எழுத்து ஓடியது. எல்லாரும் திருப்பினோம். நான் விட்டுவிட்டுப் போக நினைத்த பச்சைப் பலகை வீதிக்குள், பெருந்தெரு முழுவதும் வந்து இறங்கியது.

ஊரின் பெயர் பேட்டில் மவுண்டன். பின்னால் மலைச்சரிவில் வெள்ளைக் கல்லால் பிரமாண்டமாக இரண்டு எழுத்து: பி, எம். கோபத்தை மறந்து, "அது என்ன?" என்று கேட்டேன்.

"பேங்க் மேனேஜர்!" என்றார் அம்சவேணி அம்மா. "என் போஸ்ட்டை மலை மேல எழுதி வெச்சிருக்காங்க பாருங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நடு வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே லொறிக்காரர்கள், குடும்பங்கள், அழுகிற குழந்தைகள், கதவுக்கு வெளியே இன்னும் ஒரு கூட்டம். நரைத்த பின்னலோடு லிண்டா என்ற பெண் ஒருத்தியே சமைத்து, ஒருத்தியே பரிமாறிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வர வேண்டியவர்கள் புழுதிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டுவிட்டார்களாம். யாருக்கு முதலில் என்று சத்தம் எழும்பியது.

அம்சவேணி அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கடுதாசிக் கைத்துடைப்பான்களை எடுத்து, பேனாவால் எண் போட்டு, வாசலில் நின்று டோக்கன் கொடுக்கத் தொடங்கினார். "குழந்தை வெச்சிருக்கிறவங்க முன்னாடி. சார், நீங்க அடுத்தது" என்று ஆங்கிலத்தில் அதட்ட, என்னைவிட இரண்டு மடங்கு பெரிய லொறிக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கைத்துடைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லிண்டா ஒரு கணம் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு ஏப்ரனைத் தூக்கிப் போட்டாள். நான் தட்டுக் காவினேன். அப்பம் மாதிரிக் கேக்குகள், முட்டை, உருளைக்கிழங்கு. இரண்டு கையிலும் நாலு தட்டு. ஒரு தட்டு விழுந்து உடைந்தது, அதற்கும் கை தட்டினார்கள். வெளியே உலகம் மஞ்சளாய் இருந்தது, உள்ளே கலியாண வீட்டுப் பந்தி மாதிரி இருந்தது.

கூட்டம் அடங்கியதும் இரண்டு பேரும் பின்னால் கோப்பை கழுவினோம். அவர் கழுவ, நான் துடைத்தேன். அப்போது கேட்டுவிட்டேன்.

"நான் பஸ் ஓடுறது உங்களுக்குக் குறையோ?"

அவர் கை நின்றது. "போன்ல பேசினதைக் கேட்டுட்டீங்களா?"

"ஓம்."

கோப்பையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு ஈரக் கையோடு திரும்பினார். "பொய் சொல்ல மாட்டேங்க. நான் பையனைப் பார்க்க வரலை. ஒரு குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். குறை ஒண்ணு கிடைச்சா, அதைச் சாக்கா வெச்சுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடலாம். கோயமுத்தூர்ல ஒரு இடம் இருக்கு, பக்கம். பஸ்ஸுனு நீங்க சொன்னதும், அப்பாடா கிடைச்சிருச்சுனு நினைச்சேன். ஆனா காலையில அவர்கிட்டச் சொல்றப்ப, அதைக் குறைனு சொல்ல வாய் வரலைங்க." கண் கலங்கியது. "ஒரே பொண்ணு. இவ்வளவு தூரத்துல குடித்தனம் பண்ணினா நான் எப்படிங்க பார்ப்பேன்?"

நான் துண்டைக் கீழே வைத்தேன். "எனக்கு மட்டும் அவன் பக்கத்திலயோ? அவனுக்கெண்டு புருசெத்தில நான் எத்தினை பொம்பிளைப் பிள்ளையளைப் பாத்து வச்சனான் தெரியுமோ? அடுத்த கட்டிடத்திலயே ஒண்டு இருந்தது. நானும் நேற்று முழுக்க உங்களில பிழை பிடிக்கத்தான் பாத்தனான்."

"என்ன பிடிச்சீங்க?"

"தேத்தண்ணிக்கு இவ்வளவு சீனியோ எண்டு."

அவர் அழுகையோடு சிரித்தார். நானும் அப்படித்தான். லிண்டா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு துண்டு ஆப்பிள் பை வைத்துவிட்டுப் போனாள்.

"நீங்கள் பிள்ளையளைப் பாக்க வரேக்கை ஒஸ்லோவில இறங்குங்கோ" என்றேன். "எங்களோட ஒரு கிழமை நிண்டிட்டு, பிறகு சேர்ந்து வருவம். தனிய வந்தால்தானே தூரம்."

"உங்க பஸ்ல ஏத்திட்டுப் போவீங்களா?"

"முன்சீட்டு உங்களுக்குத்தான். ஆனால் கத்தக் கூடாது."

ஆப்பிள் பையைச் சாப்பிட்டு முடித்தவர் போனை எடுத்தார். திருப்பூரில் இப்போது எல்லாரும் நித்திரையாக இருப்பார்களே என்றேன். "எழுந்திருக்கட்டுங்க" என்றார். ஸ்பீக்கரில் அவருடைய கணவரின் தூக்கக் குரல் கேட்டது.

"ஏனுங்க, கோயமுத்தூர்க்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க."

"பையனைப் பார்த்துட்டியா?"

"இல்லீங்க, இன்னும் ஊரே போய்ச் சேரலை. அவங்க அம்மாவைப் பார்த்தாச்சு."

"பையனைப் பார்க்காமயா சரிங்கிறே?"

"கட்டிக்கப் போறது நீங்களும் நானுமாங்க? உங்க பொண்ணு பார்த்துட்டா. போய்த் தூங்குங்க."

வீதி திறந்தபோது புழுதியைக் கழுவிவிட்டது போல வானம் தெளிந்திருந்தது. லிண்டா வாசல்வரை வந்து இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தாள். மறுபடி பெருந்தெரு. அம்சவேணி அம்மா கண்ணை மூடவில்லை. மூன்று பெட்டி லொறி ஒன்று தாண்டியபோது, "இவன் நம்ம டோக்கன் வாங்கினவன்தானே?" என்று கேட்டார். லொறிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

வின்னமக்காவில் தர்சனின் வீட்டு வாசலில் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். தர்சன் இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூங்கொத்து. கயல் ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். தர்சன் பூங்கொத்தை நீட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பைத் தொடங்கினான். அம்சவேணி அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல சமையல்கட்டு எங்கன்னு சொல்லுங்க. ரெண்டு நாளா ரொட்டி. இனி ஒரு வாய் ரசம் இல்லாம என்னால ஆகாது" என்று சொல்லி, பூங்கொத்தோடு உள்ளே போய்விட்டார்.

தர்சன் வெளிறிப்போய் என் காதோடு வந்தான். "அம்மா, கோபமா இருக்கிறாவோ? என்ன சொன்னவ? நீங்கள் கனக்கக் கதைச்சனீங்களோ?"

"ஓம்" என்றேன். "சரியாக் கனக்க."

அவன் தலையில் கை வைத்தான். கயல் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பிறகு அந்த வீடு முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு குரல்:

"மாப்ளே! உப்பு எங்க வெச்சிருக்கீங்க?"

தர்சன் அசையவில்லை. கயல்தான் முதலில் விளங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி அப்படியே வாசற்படியில் குந்தினாள்.

"உன்னைத்தான் கூப்பிடுறா" என்றேன் நான். "போய் உப்பை எடுத்துக் குடு."